கடைசி ஸ்டாப் இல்லாத பாட்டு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தூக்கமும் விழிப்பும் சரிபாதியாகக் கலந்து கிடக்கிற நேரத்தில், இப்போதும் சில நாள் எங்கள் காரைக்குடி வீடு நகர ஆரம்பித்துவிடும். மரத்தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். வளவு முற்றத்துக்கு மேலே தெரிகிற சதுர வானம் மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கும். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடங் கெடக்கு" என்று ஒரு குரல் வரும். கண்ணைத் திறந்தால் வண்டி நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் திறக்கமாட்டேன். வயசான காலத்தில் இப்படி ஓர் ஓசிச் சவாரி கிடைத்தால் யார் விடுவார்கள்?

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் காரைக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் ஓடிய தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டராக இருந்தவர். அவருக்குப் பெயர் இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் மனைவியே, "கண்டக்டரு இன்னும் வரலையே, பாத்தீகளா?" என்றுதான் விசாரிப்பார்.

தோல்பை தொங்கித் தொங்கி அவருடைய இடது தோள் இறங்கிப்போயிருந்தது. வேலையை விட்ட பிறகும் பை இருப்பதுபோலவே சாய்ந்து நடப்பார். காதில் ஒரு பென்சில் துண்டு. வெற்றிலையை டிக்கெட் அளவுக்குக் கிழித்துத்தான் வாயில் போடுவார். எது நின்றாலும் அவருக்குப் பொறுக்காது. கோயில் வரிசை நின்றால் நகரச் சொல்வார். பந்தியில் சாம்பார் வாளி ஓர் இலை முன்னால் நின்றுவிட்டால் அதற்கும் குரல் கொடுப்பார். தெருவை மறித்துக்கொண்டு நிற்கிற மாட்டைப் பார்த்து "போலாம் ரைட்!" என்பார். மாடு பல சமயம் கிளம்பியும் இருக்கிறது.

பாட்டும் அப்படி நின்றுபோன ஓர் இடத்தில் பிறந்ததுதான். ஒரு நாள் ரயில்வே கேட் மூடிக் கிடந்ததாம். சரக்கு ரயில் வருகிறேன் வருகிறேன் என்று வராமலே இருந்ததாம். வண்டிக்குள் வெக்கை, குழந்தைகள் அழுகை, டிரைவர் முணுமுணுப்பு. இவர் படியில் நின்று, வழியில் வருகிற ஊர்ப் பெயர்களை எடுத்துக் கட்டி, ஏலேலோ போட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்.

காரக்குடி விட்டாக்கா கோட்டையூரு – ஏலேலோ
கால எடுத்து வச்சாக்கா அடுத்த ஊரு – ஏலேலோ
கானாடு காத்தானும் வந்துருச்சு – ஏலேலோ
காப்பித்தண்ணி குடிக்க நேரமில்ல – ஏலேலோ

வண்டியே ஏலேலோ போட்டதாம். கேட் திறந்த பிறகும் யாரும் நிறுத்தவில்லையாம். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான். ஆனாலும் இதை நான் நம்புகிறேன், ஏனென்றால் பிற்பாடு என் பிறந்த வீட்டிலேயே அது நடந்தது.

கை நடுக்கம் அவருக்கு வேலையில் இருக்கும்போதே வந்துவிட்டது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடிக்கு விட்ட ஸ்பெஷல் வண்டியில் இவரைப் போட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவே டிக்கெட் கிழிக்கிற கை கிடுகிடுவென்று ஆடியதைப் பார்த்த ஒரு கிராமத்து அம்மாள், முருகனே இறங்கிவிட்டான் என்று நினைத்து எழுந்து கும்பிட்டுவிட்டாள். இவர் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசி, "முருகா, எம் மவளுக்கு எப்பத்தான்யா வழி பொறக்கும்?" என்று கேட்டாள்.

வண்டி முழுக்கக் கைகூப்பி நிற்கிறது. இவர் என்ன செய்வார்?

"ஆவணியில முடியும் தாயி. இப்பக் கொஞ்சம் உள்ள தள்ளி உக்காரு, பின்னாடி ஆளு நிக்குது."

ஆவணியில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தே விட்டது. ஒரு முழு வாழைத்தாரோடு அந்த அம்மாள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, "சாமி கண்டக்டரு எங்குட்டு இருக்காக?" என்று தேடியிருக்கிறாள். இந்தக் கதையை எத்தனை தரம் சொன்னாலும் முடிக்கும்போது தன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொள்வார். "முருகன் வந்திருந்தா டிக்கெட்டாச்சும் ஒழுங்காக் கிழிஞ்சிருக்குமே."

மதுரை டாக்டர் ஒருவர்தான் அதற்கு வெள்ளைக்காரப் பெயர் ஒன்றைச் சொன்னார். பார்க்கின்சன் வியாதி. நம் பக்கத்து வைத்தியர்கள் நடுக்குவாதம் என்பார்கள். கை போகும், பிறகு நடை கெடும், போகப் போகக் குரலும் அடங்கிவிடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். மற்றதையெல்லாம் கேட்டுத் தலையாட்டியவர் குரல் என்றதும் எழுந்து நின்றுவிட்டாராம். "கையி போகட்டும், காலு போகட்டும். சத்தம் போனா நான் யாருங்கய்யா?"

அதே வியாதி என் ஆத்தாவுக்கும் வந்திருந்தது. அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம், அவருக்குப் பினாங்கில் வியாபாரம். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். நான் அடுத்த தெருவிலேயே வாக்கப்பட்டிருந்ததால் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்தாவுக்கு நடுக்கம் கொஞ்சம்தான். கால்தான் மோசம். நடந்து வந்துகொண்டே இருப்பாள், நிலைப்படி வந்ததும் இரண்டு காலையும் தரை பிடித்துக்கொள்ளும். எங்கள் வீடுகளைத்தான் தெரியுமே, முகப்பிலிருந்து அடுப்படி வரைக்கும் நிலைக்குப் பின்னால் நிலை. ஒவ்வொரு படியும் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. கட்டினவர்களுக்கு இப்படி ஒரு நோய் வரும் என்று தோன்றியிருக்காது. கையைப் பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவாள். விட்டால் அப்படியே நிற்பாள். கடைசியில், எதற்கு வம்பு என்று இரண்டாம் கட்டு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். பேச்சும் குறைந்து, பக்கத்தில் போய்க் காதை நீட்டினால்தான் கேட்கும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. பெற்ற தாய் கண்ணெதிரே பொம்மையாகிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பஸ் முதலாளி நல்லபடியாகவே ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும், கண்டக்டர் காலையில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் தன் பழைய வண்டியை வழியனுப்பிவிட்டு எங்கள் தெரு வழியாகத் திரும்புவார். ஒரு நாள் சரியாக எங்கள் வாசலுக்கு எதிரே அவர் கால் ஒட்டிக்கொண்டுவிட்டது. அன்றைக்கு ஆத்தாவை முகப்பு வரைக்கும் எப்படியோ கூட்டி வந்து உட்கார வைத்திருந்தேன். நடுத்தெருவில் ஒரு மனிதர் குதிகாலைத் தூக்க முடியாமல் வியர்த்து நிற்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் கழுத்தை நிமிர்த்தினார். மூச்சை இழுத்தார். தனக்குத்தானே, தெருவே அதிர, "போலாம் ரைட்!" என்றார். கால் கிளம்பிவிட்டது. பின்னாலேயே பாட்டும் கிளம்பி, கோட்டையூர் தாண்டி, தெருமுனையில் திரும்பிவிட்டது.

ஆத்தா சிரித்தாள். ஒரு வருஷமாகிவிட்டிருந்தது அவள் சிரித்து.

மறுநாள் அவர் வருகிற நேரம் பார்த்து எழுந்தாள். இரண்டாம் கட்டு நிலைப்படியில் வழக்கம்போல மாட்டிக்கொண்டாள். தெருவிலிருந்து, "காரக்குடி விட்டாக்கா" என்று கேட்டது. அவள் உதடு அசைந்தது. ஏலேலோ என்று எனக்கே கேட்காத குரலில் சொல்லிக்கொண்டு, வலது காலைத் தூக்கி, படிக்கு அந்தப் பக்கம் வைத்தாள். நான் செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன்.

"கண்டக்டரய்யா, ஆத்தா உங்களைக் கூப்பிடுறாக."

அவர் முகப்புக்கு வந்து, கும்பிட்டு, ஓரமாக நின்றார். ஆத்தா பாயைக் காட்டினாள். வெளி ஆம்பிளையோடு நேருக்கு நேர் பேசியே பழகாதவள், தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த ஏலேலோவ இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.

"சொல்றேன் ஆச்சி. ஆனா இது ஒத்தையில ஓடுற வண்டி இல்லை. நீங்களும் ஏறணும்."

அப்படித்தான் எங்கள் முகப்பில் சாயங்காலப் பாட்டு ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் எங்கெல்லாம் கை ஆடுகிற ஆள் உண்டு என்று கண்டக்டருக்குத் தெரியும். சூசை வாத்தியாரைக் கூட்டி வந்தார். மாதா கோயில் பாட்டுக்குழுவில் இருந்தவர், குரல் சன்னமாகிவிட்டதென்று வெட்கப்பட்டு அங்கே போவதையே நிறுத்தியிருந்தார். இன்னும் ஒன்றிரண்டு பேர் வருவார்கள், போவார்கள். முருகன் பாட்டும் உண்டு, மாதா பாட்டும் உண்டு, ஆத்தாவுக்குத் தெரிந்த தாலாட்டும் உண்டு. எதைப் பாடினாலும் கடைசியில் பஸ்ஸில்தான் ஏறவேண்டும்.

மெதுவாகப் பாடினால் கண்டக்டருக்குப் பிடிக்காது. "பின் சீட்டுக்குக் கேக்கலை!" என்பார். பின் சீட்டு என்பது அடுப்படி. அங்கே சமையல்கார அம்மாள் கரண்டியைத் தட்டினால் கேட்டுவிட்டது என்று அர்த்தம். சூசை வாத்தியார் ஸ்ருதி பார்க்கிற ஆள். "ஆச்சி ஒரு பக்கம் இழுக்குறாக, நீரு ஒரு பக்கம் இழுக்குறீரு. சுதி எறங்குதுய்யா" என்று நொந்துகொள்வார்.

"சுதி எறங்கினா எறங்கட்டும் சார். ஆளு எறங்காமப் பாத்துக்குவோம்."

பாடி முடித்ததும் அப்படியே எழுந்து, ஒருவர் பின் ஒருவராகப் பாடிக்கொண்டே வளவைச் சுற்றுவார்கள். மழைக்காலத்தில் முற்றத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். விளக்கு ஏற்றாத நேரம். தரைக் கல்லில் ஈரவெளிச்சம். ஏலேலோ வரும்போது எல்லாக் காலும் ஒன்றாக விழும். நான் தூணில் சாய்ந்து கண்ணைச் செருகிக்கொள்வேன். அவர்கள் நிற்க, வீடு போவதுபோல இருக்கும். ஓலைக்கொட்டகை, பனைமரம், யாரோ கையாட்டுகிற ஒரு திருப்பம் எல்லாம் வந்து போகும். ஆத்தா அந்த வழியில் பஸ்ஸிலேயே போனதில்லை. ஆனாலும் திருமயம் வந்ததும் கோட்டையைப் பார்க்கத் தலையை வலது பக்கம் திருப்புவாள். அந்தப் பக்கம்தான் கோட்டை என்று யார் சொன்னார்களோ.

நோய் போயிற்றா என்று கேட்டால், போகவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை அதன் வேலையைச் செய்தது, வியாதி அதன் வேலையைச் செய்தது. பாட்டு செய்தது வேறு. ஆத்தா கூப்பிட்டால் அடுப்படியிலிருந்தே கேட்டது. நிலைப்படிகளை அவளே தாண்டினாள். சாயங்காலம் நெருங்கினால் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டாள். எனக்கு என் தாய் திரும்பக் கிடைத்தாள். அதற்குமேல் நான் கணக்குப் பார்க்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து நின்றுகொண்டே பேசினார். "மொகப்புல பஸ் ஸ்டாண்டு வச்சிருக்கியளாமே? கண்ட ஆளும் வந்து உக்காந்து பாடுறதுக்கா முன்னோருக இம்புட்டுப் பெருசாக் கட்டுனாக?"

ஆத்தா அவரை உட்காரச் சொன்னாள். "பாடாட்டி நான் நெலையத் தாண்ட மாட்டேன். தெனமும் நீங்க வந்து தூக்கி விடுறதா இருந்தாச் சொல்லுங்க, பாட்ட நிப்பாட்டிருவோம்."

அவர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பாட்டில் ஒரு விநோதம் உண்டு. கோட்டையூர், கானாடுகாத்தான், திருமயம், நமனசமுத்திரம் என்று வரிசையாகப் போகும். அடுத்தது புதுக்கோட்டைதானே வரவேண்டும்? வராது. நமனசமுத்திரத்தில் கண்டக்டர் கையைத் தூக்கி "போலாம் ரைட்!" என்பார், வண்டி திரும்பி, வந்த வழியே காரைக்குடிக்கு ஓடிவரும். கடைசி ஸ்டாப்பைச் சொல்லவே விடமாட்டார். வாத்தியாருக்கு இது பெரிய உறுத்தல்.

"பாட்டுன்னா ஒரு முடிவு வேணும்யா. புதுக்கோட்டைன்னு ஒரு அடி போட்டா என்ன கொறஞ்சுபோகும்?" என்று ஒரு நாள் அவரே அந்த அடியை எடுத்துவிட்டார்.

கண்டக்டருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். கை, தாடை எல்லாம் ஆடியது. "சொல்லாதீக சார்! கடசி ஸ்டாப்பு வந்துட்டா எல்லாரும் எறங்கிருவாக. டிரைவரு வெளக்க அணச்சிருவாரு. அதுக்குப் பெறகு அந்த வண்டிக்குள்ள நிக்கிறவன் நான் ஒருத்தன்தான். உங்களுக்குத் தெரியாது."

ஆத்தாதான் மெல்ல, "நமனசமுத்திரத்துல இருந்து திருப்புங்க கண்டக்டரே" என்றாள். திரும்பினோம். அதற்குப் பிறகு அந்தக் கடைசி ஊர்ப் பெயரை எங்கள் முகப்பில் யாரும் எடுத்ததில்லை. புதுக்கோட்டையில் இருந்த என் நாத்தனார் வீட்டுக்குப் போவதைக்கூட நான், "வெளியூர் போறேன்" என்றுதான் சொல்வேன்.

நாலைந்து வருஷம் வண்டி ஓடியது. முதலில் ஏறிய கண்டக்டருக்குத்தான் நோயும் முந்திக்கொண்டது. உப்புத்தண்ணீர் கொப்பளித்தார், சுக்கைக் கடித்தார், வெற்றிலையை விட்டார். குரல் ஒவ்வொரு நாளும் ஒரு சீட்டு முன்னால் வந்துகொண்டே இருந்தது. அடுப்படிக்குக் கேட்காமல் போயிற்று. பிறகு வளவுக்குக் கேட்காமல் போயிற்று. சமையல்கார அம்மாள் மட்டும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவர் முறை வரும்போது கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மாசமாக அவர் வரவே இல்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம் ஆத்தா, "அவுக வீட்டுக்குப் போவோம்" என்றாள். பல வருஷமாகத் தெருவில் இறங்காதவள். நான் ஒரு பக்கம், வாத்தியார் ஒரு பக்கம். வாத்தியாரைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டியிருந்தது, அது வேறு விஷயம். பின் தெருவில் ஓட்டு வீடு. குனிந்து நுழைகிற வாசல். படி நம் வீட்டுப் படியில் பாதிகூட இல்லை. ஆத்தாவின் கால் அங்கே பிடித்துக்கொண்டது.

உள்ளே கட்டிலில் அவர் படுத்திருந்தார். வாசலுக்கு நேரே தலை. எங்களைப் பார்த்துவிட்டார். ஆத்தா மாட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்துவிட்டார். வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. என்ன சொல்ல வருகிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் முயன்றார். காற்றுதான் வந்தது. பக்கத்தில் நின்ற அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மதுரை டாக்டரிடம் அவர் கேட்ட கேள்வி அந்தச் சின்ன அறை முழுக்க நின்றது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

ஆத்தா கழுத்தை நிமிர்த்தினாள். மூச்சை இழுத்தாள்.

"போலாம் ரைட்!"

தெரு நின்று பார்த்தது. ஒரு பெரிய வீட்டு ஆச்சி அப்படிக் கத்தி அந்தத் தெரு கேட்டிருக்காது, நானும் கேட்டதில்லை. வலது காலைத் தூக்கிப் படியைத் தாண்டி, குனிந்து, உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "காரக்குடி விட்டாக்கா" என்று எடுத்தாள். வாத்தியார் ஸ்ருதி பார்க்காமல் பாடினார். கண்டக்டர் மனைவி பாடினார். கட்டில் சட்டத்தில் அவர் விரல் ஏலேலோவுக்கு ஏலேலோ சரியாக விழுந்தது. வேளை கெட்டு ஆடிக்கொண்டிருந்த விரல்தான் அது. நமனசமுத்திரம் வந்தது. அவர் ஆத்தாவைப் பார்த்தார். ஆத்தா கையைத் தூக்கி ரைட் கொடுத்தாள். வண்டி திரும்பியது. ஓட்டிலிருந்து சொட்டுகிற மழைத்தண்ணீரும் கூடவே வந்ததுபோல எனக்கு ஒரு மயக்கம். கோட்டையூர் தாண்டும்போது அவர் தூங்கிவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு தினமும் அங்கேதான் பாட்டு. கார்த்திகை பிறந்த சில நாளில், பாட்டுக்கு நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் சேதி வந்தது.

மறுநாள் அவரை எங்கள் தெரு வழியாகத்தான் கொண்டுபோனார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியும் அதுதான். அவருடைய பழைய வண்டியின் டிரைவர் முன்னால் தோள் கொடுத்திருந்தார். ஆத்தா முகப்பில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாத்தியார் அவள் பக்கத்தில். எங்கள் வாசலுக்கு எதிரே, அவர் முதல் நாள் கால் ஒட்டி நின்ற இடத்தில், தோள் மாற்றுவதற்காகப் பாடை கொஞ்சம் நின்றது. சங்கும் ஓய்ந்தது. நின்றால் அவருக்குப் பொறுக்காதே என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

ஆத்தா இரண்டு கையையும் கூப்பினாள்.

"புதுக்கோட்டை வந்துருச்சு கண்டக்டரே. நாங்க எல்லாரும் கூடத்தான் இருக்கோம். எறங்கிக்கங்க."

அதை அவள் பின் சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். உள்ளே அடுப்படியில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்டது.